பின்தளத்தில் ஏழு சட்டைகள்

முதலில் அந்தத் தாளில் ஒரு திருத்தம் செய்துவிடலாம், அம்மா. உங்கள் எழுத்தர் 'பொம்மைக் கப்பல்' என்று எழுதியிருக்கிறார். குழந்தை குளிக்கிற தொட்டியில் மிதப்பதுதான் பொம்மை. நான் செய்தது மாதிரிக் கப்பல். உண்மைக் கப்பல் நூறு அடி நீளும் இடத்தில் என்னுடையது ஓர் அடி நீளும். அதற்கு இருநூற்றுப் பதினான்கு வட்ட ஜன்னல்கள் என்றால் இதற்கும் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றும் பித்தளைக் குழாயிலிருந்து ஊசி ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து எடுத்த வளையம். ஒன்று கைதவறிக் கீழே விழுந்தால் அரை நாள் தரையில் தவழ வேண்டும்.

எழுத்தர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பத்தோரு வருடம் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவன் நான். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலிக்கும் வாய்க்காலுக்கும் போடுகிற கோட்டில் வித்தியாசம் தெரியாது. அவர்களோடும் சிரித்துப் பேசித்தான் காலம் தள்ளினேன். பொறுமை எனக்குப் புதிதல்ல.

கப்பலில் போயிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. ஒருமுறை ஆற்றைக் கடக்கிற படகில் ஏறினேன். அக்கரை சேர்வதற்குள் காலையில் சாப்பிட்டதெல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டது. அதனால் என்ன? நிலாவுக்கு வரைபடம் போட்டவர்கள் அங்கே குடக்கூலிக்கு இருந்தவர்களா? ஒரு பொருளை அறிய அதன்மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை. சொல்லப்போனால், ஏறி உட்கார்ந்தவனுக்குத்தான் அது ஒழுங்காகத் தெரியாது. என் மைத்துனர் அதற்கு நல்ல உதாரணம்.

அவர் என் மனைவியின் அண்ணன். எல்லோரும் அவரைச் சாரங் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் மாலுமிகளை மேய்க்கிற ஆளுக்கு அந்தப் பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வருடம் கடலில் துருவைச் சுரண்டியும் பெயின்ட் அடித்தும் நுரையீரலைச் சல்லடையாக்கிக்கொண்டு, கடைசியில் தங்கையின் வீட்டுக் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் வந்து நங்கூரம் போட்டார். என் மனைவி என்னிடம் கேட்கவில்லை. தெரிவித்தாள். "அண்ணனுக்கு நம்மள விட்டா யாருங்க இருக்கா?" என்றாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மணிக்குப் போனால் நாலு மணிக்கு வருவாள். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்துக்கு அண்ணனுக்கு யார் என்பதை அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். "புகை, தூசி, பெயின்ட் வாசனை எதுவும் ஆகாது சார். மூச்சு முட்டினா உடனே இன்ஹேலர் கையில இருக்கணும்." அதனால் நாற்காலியின் வலது கைப்பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் இன்ஹேலர். அன்றிலிருந்து பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நான் மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. அறுபத்திரண்டு வயதில் என் வீட்டிலேயே நான் பெயின்ட் ஸ்பிரே செய்கிற கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். முணுமுணுக்கக்கூட இல்லை. இதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தக் கப்பலை நான் செய்ய ஆரம்பித்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் பதினோரு வருடம் வேலை பார்த்த கப்பல் அது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணமே அல்ல. கப்பல் கட்டும் தளத்தில் அதற்கு மட்டும்தான் முழு வரைபடமும் கிடைத்தது. முப்பத்தெட்டுத் தாள், ஒவ்வொன்றிலும் முத்திரை, கையெழுத்து, தேதி. அப்படிப்பட்ட தாளை விரித்துவைத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வந்த இரண்டாம் வாரம் சாரங் சுவரைப் பிடித்துப் பிடித்து என் வேலை அறைக்குள் வந்தார். மேஜைமேல் இருந்த கப்பலைக் கண்கொட்டாமல் பார்த்தார். மூச்சு வாங்கியது. பிறகு சிரித்தார்.

"மாப்ளே, அப்படியே இருக்கு. இந்த ஏணி மட்டும் இந்தப் பக்கம் இல்ல."

பின்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏறுகிற ஏணியைச் சொன்னார். நான் பதினேழாம் தாளை எடுத்துக் காட்டினேன். இடப்பக்கம். கையெழுத்து, முத்திரை.

"படத்துல இருந்திருக்கும்," என்றார். "கப்பல்ல இல்ல. ஒருத்தன் அதுலருந்து வழுக்கி நேரா தண்ணிக்குப் போயிட்டான். மறுநாளே அறுத்து அந்தப் பக்கம் வெச்சிட்டோம். நான்தான் பிடிச்சிட்டு நின்னேன்."

"மச்சான், இது கப்பலோட அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்," என்றேன்.

"இருக்கட்டும் மாப்ளே. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

அந்த 'இருக்கட்டும்'தான். எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறுகிற மனிதர், முப்பத்தெட்டுத் தாளைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு தினமும் ஒன்று வந்தது. சமையலறைக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பி நேராக இருக்காதாம். ஒரு புயலில் வளைந்ததை யாரும் நிமிர்த்தவில்லையாம். மூன்றாம் உயிர்காப்புப் படகு மற்ற படகுகளைவிட வெளுத்திருக்குமாம். பின்தளத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டி மாலுமிகள் துணி காயப்போடுவார்களாம். "அத போடுங்க மாப்ளே. துணி காயலன்னா அது கப்பலே இல்ல, ஆஸ்பத்திரி" என்றார். மில்லிமீட்டரில் கால் பங்குக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவனிடம் வந்து, உன் கப்பலில் கோவணம் தொங்கவிடு என்கிற மனிதரை நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் ஒன்றும் செய்யவில்லை. தலையாட்டினேன்.

எங்கள் ஊரில் மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வங்கிக் காசாளர் ஒருவர்; எந்தப் போர்க்கப்பலைச் செய்தாலும் கத்தரிக்காய் நிறத்தில் முடிப்பார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். அவர் பாய்மரத்துக்குக் கட்டுகிற நூலில் மாட்டைக் கட்டலாம். தலைவர் ஒரு பல் டாக்டர். அவருக்குப் பல் பிடுங்கக்கூட ஆள் வருவதில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் தலைவராக இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை நகர மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். இந்த வருடம் என் கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோனேன்.

என் மனைவி வாடகைக் காரில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "பாவம், நாலு சுவத்தையே பாத்துட்டு இருக்காரு" என்றாள். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து என் மேஜைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், அளவைக் கேட்டார்கள், நான் சொன்னேன். பிறகு யாரோ ஓர் அம்மாள் சாரங்கைப் பார்த்து, "நீங்க கப்பல்ல இருந்தவரா?" என்று கேட்டு வைத்தாள். அவ்வளவுதான். அவர் கண்ணாடிமேல் விரலை வைத்து ஆரம்பித்தார். இங்கேதான் நாங்க தூங்குவோம், இங்கேதான் சமையல்காரன் மீன் செதிலைச் சுரண்டுவான், இந்த ஜன்னலுக்குப் பின்னாடிதான் என் படுக்கை, ஒருநாள் ராட்சச அலை வந்து கண்ணாடியோடு என் செருப்பையும் கொண்டுபோச்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்கு நின்றார். மூச்சுக்கு நின்ற இடத்திலெல்லாம் கூட்டமும் நின்றது. கத்தரிக்காய் நிறக்காரர் தன் மேஜையை விட்டுவிட்டு வந்தார். பல் டாக்டர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கதை கேட்டார். அந்த ஜன்னலை அறுத்துத் தேய்த்துப் பொருத்தியவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அவர்களுக்கு வழிவிட்டு, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மாலையில் பரிசு அறிவித்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு. அட்டையில் பல் டாக்டரே கைப்பட எழுதியிருந்தார்: 'கப்பலும் நினைவுகளும் – சாரங் அவர்களும் அவர் மாப்பிள்ளையும்.' மாப்பிள்ளை. அறுபத்திரண்டு வயதில், நான்கு வருட வேலைக்குப் பிறகு, நான் ஒருவருடைய தங்கை புருஷனாகப் பரிசு வாங்கினேன்.

"அந்த ஏணிய மட்டும் மாத்திட்டீங்கன்னா சார், இதுக்கு மேல ஒண்ணும் கேக்கவே முடியாது" என்றார் பல் டாக்டர்.

மறுவாரம் அவர் எங்கிருந்தோ ஒரு பழைய புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, ஏணி வலப்பக்கம். நெகடிவைத் திருப்பிப்போட்டுப் பிரதியெடுப்பது சாதாரணம், இடம் வலமாகிவிடும் என்று விளக்கினேன். "பின்னாடி கப்பலோட பேரு நேராத்தானே சார் தெரியுது?" என்றார். சாரங் படத்தைப் பார்க்கவே இல்லை. "விடுங்க டாக்டரு. மாப்ள கண்ணுக்கு அது அந்தப் பக்கம் அழகா இருக்கு" என்றார். என்னைக் காப்பாற்றினாராம். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பல் டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் கூடத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக்கொண்டார். என் மனைவி இருவருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், சர்க்கரை போட மறந்திருந்தாள்.

இதையெல்லாம் ஒரு பின்னணிக்காகச் சொல்கிறேன். இவற்றுக்காக ஒருவர்மேல் வருத்தம் வைத்துக்கொள்கிற அளவுக்கு நான் சின்ன மனிதன் இல்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது என் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாரங் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி மேஜைமேல் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள். கப்பலின் பின்தளத்தில் இரண்டு தீக்குச்சிகள் நட்டிருந்தன. நடுவே ஒரு தையல் நூல். நூலில் ஏழு சட்டைகள். அவள் பழைய ரவிக்கைத் துணியில் அவர் கத்தரித்தவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. கணக்குப் போட்டால் உண்மையில் ஒவ்வொரு சட்டையும் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் வரும். யானைக்குத்தான் போட்டுவிட முடியும். தீக்குச்சியின் அடியில், காகிதம் ஒட்டுகிற பசை மூக்குச்சளி மாதிரி திரண்டு, என் தளத்தின் சாம்பல் நிறத்தின்மேல் வழிந்திருந்தது. அவர் கை நடுக்கம் அதில் அப்படியே பதிவாகியிருந்தது.

"நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு பார்த்தோம்," என்றாள் மனைவி. "நல்லாத்தான இருக்கு? இப்பத்தான் அதுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு."

இருபத்தாறு வருடத்தில் அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் எட்டு மணிக்குக் கிளம்பினாள். ஒன்பது மணிக்கு நான் கத்தியால் தீக்குச்சிகளை அறுத்து, நூலையும் சட்டைகளையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். எதிர்பார்த்ததுபோலப் பசையோடு சேர்ந்து தளத்தின் வண்ணமும் இரண்டு இடத்தில் உரிந்து வந்தது. தேய்த்துவிட்டுப் புதிதாக ஸ்பிரே செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மாடியில் அன்று பலமான காற்று. ஈரப் பெயின்ட்டில் ஒரு தூசி உட்கார்ந்தால் அத்தனையும் வீண். அதனால் அறையிலேயே அடிக்க முடிவு செய்தேன். ஜன்னல்களை மூடினேன், தூசிக்காக. கூடத்து ஜன்னல்களையும் மூடினேன், அதுவும் தூசிக்காக. கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கதவு திறந்திருந்தது. கம்ப்ரஸரின் வயர் கூடத்திலிருந்து வர வேண்டியிருந்ததே காரணம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். என் அறையில் இரண்டு மின் இணைப்பு இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. சரி.

நான் அவரிடம் அனுமதி கேட்டேன். இது முக்கியம்.

"மச்சான், கொஞ்சம் பெயின்ட் அடிக்கணும். சின்ன இடம்தான்."

"அடிங்க மாப்ளே. நான் பெயின்ட்லயே பொறந்தவன்." பிறகு கேட்டார்: "சட்டைக்குக் கலர் அடிக்கிறீங்களா?"

"ஆமா" என்றேன்.

முகமூடி போட்டுக்கொண்டேன். இரண்டு வடிகட்டி உள்ளது. இந்த வேலையில் அது இல்லாமல் யாரும் ஸ்பிரே பிடிக்கக் கூடாது. அதற்கு முன்பு கூடத்தை ஒருமுறை துடைத்திருந்தேன். ஸ்டூலையும் துடைத்தேன். துடைக்கும்போது அதன்மேல் இருந்ததை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். துடைத்து முடித்ததும் திருப்பி வைக்கவில்லை. மறதி என்று எழுதினால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் நான் எதையும் மறப்பவனல்ல என்று என் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். அடித்தேன். கூடத்தில் இருமல் ஆரம்பித்தது. அவர் எப்போதும் இருமுகிறவர்தான். எட்டு நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு. இந்த இடைவெளி தவறினால் முதல் பூச்சின் விளிம்பு கோடாகத் தெரியும். இரண்டாவதை அடித்துக்கொண்டிருந்தபோது, "மாப்ளே, அத எடுங்க" என்று கேட்டது. எதை என்று சொல்லவில்லை. மூன்றாவது பூச்சு அவசியம்தானா என்று கேட்பீர்கள். இரண்டு போதும். ஆனால் பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் கொஞ்சம் மீதி இருந்தது. கிண்ணத்திலேயே கலந்து, கப்பலின் பக்கம் பாதியும் கதவின் பக்கம் பாதியுமாக அடித்து முடித்தேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. பல மாதமாக யாரும் பிடிக்காமல் எழுந்திருக்காதவர் எழுந்துவிட்டார். கூடத்திலிருந்து என் கதவுக்குப் பதினான்கு காலடி. அத்தனையும் நடந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உதடு நீலமாக இருந்தது. தொண்டைக்குள் ஏதோ விசில் அடித்தது. அவர் முன்பக்கம் சாய்வதைப் பார்த்தேன். மேஜை அவருக்கு நேர் எதிரில் இருந்தது. மேஜைமேல் ஈரம் காயாத கப்பல். சட்டென்று முன்னால் போய்க் குறுக்கே நின்றேன். என் நெஞ்சில் வந்து முட்டினார். ஒரு மனிதர் இவ்வளவு இலேசாக இருப்பார் என்று நான் நினைத்ததில்லை. தோளைப் பிடித்துக் கதவோரமாகக் கீழே உட்காரவைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்புக்குப் பக்கமாக எட்டி, பின்தளத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

கப்பலில் ஒரு கீறல்கூட இல்லை.

பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவரிடமிருந்து சத்தம் நின்றிருந்தது. பிறகு அவரைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தேன், இன்ஹேலரை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்த டாக்டர், "எதிர்பார்த்ததுதான் சார். இவ்வளவு நாள் இருந்ததே நீங்க பார்த்துக்கிட்டதாலதான்" என்றார். தன் வேலையை அரைகுறையாகப் பார்க்கிறவர்களால் உலகத்துக்கு இந்த ஒரு நன்மை உண்டு.

என் மனைவியை மட்டும் நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். ஸ்பிரேயில் வருகிற நுண்தூள் காற்றில் மிதந்து எங்கும் படியும். கூடத்து ஸ்டூலின் மேலும் மெல்லிய சாம்பல் படலம் படிந்திருந்தது. அவள் மூன்றாம் நாள் அந்த ஸ்டூல்மேல் நகத்தால் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். படலம் முழுசாக, ஒரே சீராக இருந்தது. இன்ஹேலர் அங்கே நின்றிருந்தால் அதன் அடிப்பக்க அளவுக்கு ஓர் இடம் படலம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஸ்டூலைத் துணியில் சுற்றி, வாடகைக் காரில் வைத்து ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். இருபத்தாறு வருடம் என்னோடு இருந்ததற்கு அந்தக் கண்ணாவது வாய்த்ததே.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், சிரிப்பு வருகிறது. படிக்கத் தெரியாத ஒருவர்மேல், செருப்பைக் கடலுக்குக் கொடுத்த கதையைத் தவிர வேறு சொத்தில்லாதவர்மேல், எனக்கென்ன பொறாமை? ஒரு வேலையைச் சரியாக முடிக்கவிடாமல் ஒருவர் குறுக்கே உட்கார்ந்திருந்தார். அந்தக் குறுக்கை நீக்கினேன். ஆம், தெரிந்தே செய்தேன். ஸ்டூலைத் துடைக்கிறபோதே தெரியும். முந்தைய நாள் 'நல்லா இருக்கு' என்று சொன்னபோதே தெரியும்.

நேற்று என் மனைவி இங்கே வந்திருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணன் என்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல," என்றேன். "தூக்கத்துலயே போயிட்டாரு."

வலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பதினொரு தடவை கூப்பிட்டார். முதல் நான்கு தடவை என்னை. பிறகு, வீட்டில் அவள் இல்லை என்று தெரிந்தும், ஏழு தடவை "பாப்பா, பாப்பா" என்று அவளை. அவளைச் சின்ன வயதிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம். நான் ஸ்பிரேயைக் கீழே வைக்காமலே எண்ணினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் உடைந்துபோவாள். அவளுக்காகக் கவலைப்பட இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?